மலையடிவாரத்திலிருந்து ஒரு நீர்வழிப் பயணம்

ராஜபாளையத்தில் நின்று மேற்கே நோக்குபவருக்குக் கண்ணுக்கெட்டிய தூரம் மலையே தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நோக்கினால் அதே மலைத்தொடர் இன்னும் சற்று நீலமாகத் தெரியும். கடலோ கிழக்கே நூறு கிலோமீட்டருக்கு அப்பால் தூத்துக்குடியில் இருக்கிறது. பஞ்சாலைச் சங்கொலியைக் கேட்டு எழுந்து, அடுத்த சங்கொலியைக் கேட்டு வீடு திரும்பிய தலைமுறைகள் இவ்வட்டாரத்தில் வாழ்ந்துள்ளன. அருகிலுள்ள சத்திரப்பட்டியில் நெய்யப்படும் மருத்துவக் கட்டுத்துணி நெடுந்தொலைவு செல்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா உறவினர் கைப்பையில் வளைகுடா நாடுகளுக்கும் போய்ச் சேருகிறது. ஆனால் துணியை நெய்தவரும் பாலைக் காய்ச்சியவரும் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் நீரின்மீது பயணம் செய்தாரா என்று கேட்டால், பெரும்பாலோர் சிரித்துவிட்டு இல்லையென்றே சொல்வர்.

அண்மைக்காலமாக நிலைமை சற்று மாறியிருக்கிறது. கைப்பேசியைத் திறந்தால் பதினோரு மாடிக் கப்பல் மிதந்து வருகிறது. "இரண்டு இரவு, மூன்று பகல், சலுகைக் கட்டணம், இன்றே கடைசி நாள்" என்று அது ஆசை காட்டுகிறது. மதரஸாவில் பிள்ளைகளை விட வரும் பெற்றோர் என்னிடம் இரண்டு கேள்விகளை ஒரே மூச்சில் கேட்கின்றனர். "ஹஜ்ரத், அந்தக் கப்பலில் போவது கூடுமா? போனால் எவ்வளவு ஆகும்?" முதற்கேள்வி மார்க்கம் பற்றியது; இரண்டாவது பணம் பற்றியது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க இயலாது என்பதே என் கருத்து. ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தார், வீட்டு நகையை வட்டிக்கு அடகு வைத்து இப்படியொரு பயணத்துக்கு முன்பணம் கட்டினர். பணம் வாங்கிய முகவர் பின்னர் தொலைபேசியை எடுக்கவேயில்லை. பயணமும் போயிற்று, நகையும் போயிற்று, வட்டி மட்டும் எஞ்சியது. இந்தக் கட்டுரை எழுத அதுவே தூண்டுகோல்.

கப்பல் நமக்குப் புதியதன்று. நம் முன்னோருக்குக் கப்பல் என்றால் முதலில் ஹஜ்ஜுக் கப்பலே. பம்பாயிலிருந்து ஜித்தாவுக்குச் சென்றுவந்த மொகல் லைன் கப்பல்களின் பெயர்கள் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு உறவினர் பெயர்களைப்போல் மனப்பாடம். அந்தக் கடல்வழி ஹஜ் சேவை 1995ஆம் ஆண்டுடன் நின்றுபோயிற்று. 2018இல் அதனை மீண்டும் தொடங்குவது பற்றிய பேச்சு எழுந்தது, பேச்சாகவே நின்றது. கிழக்கே, சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்கு, சிங்கப்பூர் நோக்கி 'ரஜூலா' கப்பல் 1970களின் தொடக்கம்வரை சென்றது. மேல்தளத்தில் பாய்விரித்துப் படுத்துச் சென்ற நம்மவர்கள் எத்தனை ஆயிரம்! அதற்குப் பின் வந்த 'சிதம்பரம்' கப்பல் 1985இல் தீப்பிடித்ததோடு அந்தப் போக்குவரத்தும் முடிந்தது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பலை 1964 டிசம்பர்ப் புயல் இடம்பெயர்த்தது. ராமேசுவரத்திலிருந்து தொடர்ந்த சேவை 1980களில் ஓய்ந்தது. அக்கப்பல்களெல்லாம் ஏழைகளின் கப்பல்கள். கடற்பயணம் செல்வர்க்குரிய கேளிக்கை என்ற எண்ணம் பின்னர் வந்ததே. அல்கஹ்ஃபு அத்தியாயத்தில் கிள்று (அலை) அவர்கள் பழுதாக்கிய மரக்கலம்கூடக் கடலில் உழைத்துப் பிழைத்த ஏழைகளுடையதுதானே!

இப்போது விளம்பரக் கப்பலுக்கு வருவோம். 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'எம்ப்ரஸ்' என்னும் சொகுசுக் கப்பலின் பயணத்தைத் தமிழக முதலமைச்சர் தொடங்கி வைத்தார். அடுத்த ஆண்டு ஜூனில் அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்கும் சென்றது. இத்தகைய கப்பல்களின் கட்டணத்தை வாசிக்க ஒரு பயிற்சி வேண்டும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது ஓர் ஆளுக்கான தொகை. அதுவும் ஓர் அறையில் இருவர் தங்கினால் ஆகும் தொகை. தனியாகச் செல்பவர் இரண்டு பேருக்குரியதையே கட்ட நேரும். பெரும்பாலும் அது சாளரமில்லாத உள்ளறைக்கான விலை. துறைமுகக் கட்டணம், ஊழியர் அன்பளிப்பு, வரி ஆகியவை அடியில் சிறிய எழுத்தில் ஒளிந்திருக்கும். இவற்றையெல்லாம் கூட்டி, அதன்மேல் சென்னைவரை போக்குவரத்தையும் முதல்நாள் விடுதி வாடகையையும் சேர்த்தபிறகே உண்மை விலை புலப்படும்.

சிக்கனமாகவும் போக வழியுண்டு, மறுக்கவில்லை. பள்ளி விடுமுறையையும் ஆண்டிறுதி நாள்களையும் தவிர்த்து வாரநடுவில் புறப்படும் பயணங்களில் விலை இறங்கும். ஒரே அறையில் மூன்றாமவராகவும் நான்காமவராகவும் தங்குவோருக்குக் கட்டணம் கணிசமாகக் குறைவது வழக்கம். ஆகவே பெற்றோரும் இரு பிள்ளைகளும் ஓரறை எடுப்பது இரண்டு அறைகளைவிட மலிவு. பல மாதம் முன்பே பதிபவருக்கும் சலுகை, புறப்பாட்டுக்குச் சில நாள் முன்பு நிரம்பாத அறைகளுக்கும் சலுகை. எனினும் கடைசிநேரச் சலுகை துறைமுக நகரில் வாழ்பவருக்கே உதவும். ராஜபாளையத்தில் இருப்பவர் பொதிகை விரைவு ரயிலில் படுக்கை கிடைக்குமா என்று முதலில் பார்க்கவேண்டும்! பணத்தைக் கப்பல் நிறுவனத்திடமே நேரே கட்டுவதும், ரத்துசெய்தால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் பெறுவதும் எந்தச் சலுகையினும் முக்கியம்.

கூடுமா என்ற கேள்விக்கு என் விடை இது. கப்பலில் ஏறுவது ஆகுமானதே; கடலைக் கண்டு படைத்தவனை நினைப்பவருக்கு நற்கூலியும் உண்டு. ஆயினும் அக்கப்பல்களில் சூதாட்டக் கூடமும் மதுவும் நள்ளிரவுக் கூத்தும் பயணத்தின் பகுதியாகவே வைக்கப்பட்டுள்ளன. சூதாட்டக் கூடம் காரணமாகப் புதுச்சேரியில் 2022இல் அதற்கு எதிர்ப்பு எழுந்ததை நாளேடுகளில் பலரும் வாசித்திருப்பர். நாம் அந்தப் பக்கம் போகாமல் இருந்துகொள்ளலாம் என்பர் சிலர். இருக்கலாம்தான். ஆனால் நாம் கட்டும் தொகையில் அவற்றின் பங்கும் அடங்கியிருக்கிறது. வளரும் பிள்ளைகளை மூன்று நாள் அறைக்குள் அடைத்து வைக்கவும் இயலாது. வட்டிக்கு வாங்கிய பணமாயின் விடை சொல்லவே தேவையில்லை.

அப்படியென்றால் நடுத்தரக் குடும்பம் கடலையும் காயலையும் பார்க்கவே கூடாதா? பார்க்கலாம். அரசே நடத்தும் கப்பல்களும் படகுகளும் இருக்கின்றன. அவற்றுக்கு விளம்பரமில்லை, அதனால்தான் நமக்குத் தெரிவதில்லை.

சென்னையிலிருந்து அந்தமானுக்குச் செல்லும் பயணிகள் கப்பல் அவற்றுள் ஒன்று. ஏறத்தாழ அறுபது மணி நேரப் பயணம். 'பங்க்' எனப்படும் அடுக்குப் படுக்கை வகுப்பே யாவற்றினும் மலிவு. போர்ட் பிளேர் என்று நாம் அறிந்த ஊர் 2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப்படுகிறது. மாதத்தில் சில புறப்பாடுகளே உண்டு. தேதியும் உறுதியாக இராது. வேலைக்குச் செல்பவர் விடுப்பை இதற்கேற்ப அமைப்பது கடினம். ஓய்வுபெற்றோருக்கு ஏற்றது.

கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குச் செல்லும் கப்பல்கள் நம் வாசகருக்குத் தனி ஈர்ப்புடையவை. 36 தீவுகள், மக்கள் வாழ்வது பத்தில். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை அறுபத்து நாலாயிரத்துச் சொச்சம். அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் முஸ்லிம்கள். கவரத்தியில் மரச்சிற்பக் கூரையுள்ள உஜ்ரா பள்ளிவாசல், ஆந்த்ரோத்தில் உபைதுல்லாஹ் (ரஹ்) அவர்களின் அடக்கத்தலம், மினிக்காயில் 1885ஆம் ஆண்டின் கலங்கரை விளக்கம். இவையெல்லாம் அங்கே உண்டு. பதினான்கு முதல் பதினெட்டு மணி நேரம் கப்பலில் செல்லவேண்டும். பல தீவுகளில் கப்பல் ஆழ்கடலில் நிற்க, சிறு படகில் இறங்கிக் கரையேறவேண்டும். முழங்கால் வலியுள்ளோர் இதைக் கருத்தில் கொள்க. வெளியார் நுழைய அனுமதிச்சீட்டு கட்டாயம். தீவு நிர்வாகத்தின் சுற்றுலா அமைப்பு அறிவிக்கும் கப்பல்வழித் தொகுப்புப் பயணத்தில் சேர்ந்தால் அனுமதியை அவர்களே பெற்றுத் தருவர். பகலில் தீவு, இரவில் கப்பலிலேயே உறக்கம் என்பது அதன் முறை. அக்டோபர் முதல் மே நடுப்பகுதிவரையே பருவம். செலவு, சொகுசுக் கப்பலை நெருங்கிவிடும். ஆயினும் சூதாட்டமில்லை, பங்காரம் தவிர்த்த தீவுகளில் மதுவுமில்லை. பணம் சேர்த்து ஒருமுறை செல்லத் தகுந்த பயணம் என்றால் இதையே சொல்வேன்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' கப்பலுடன் மீண்டும் தொடங்கிய சேவையும் உண்டு. நான்கு மணி நேரத்தளவில் மறுகரை. கடவுச்சீட்டும் இலங்கை நுழைவு அனுமதியும் வேண்டும். மழைக்காலத்தில் சேவை நிறுத்தப்படுவதால் விசாரித்தே புறப்படவேண்டும்.

இவை அனைத்தினும் மலிவானதும், ராஜபாளையத்திலிருந்து ஒரே ரயிலில் சென்றடையத் தக்கதும் கேரளத்தின் காயல்வழியே. சென்ற ஆண்டு நாங்கள் ஏழு பேர் அதைத்தான் தேர்ந்தெடுத்தோம்: என் அம்மா, என் மனைவி, இரு பிள்ளைகள், தங்கை, மச்சான், நான். மச்சான் முதலில் சொகுசுக் கப்பலுக்கே விலை விசாரித்தார். எல்லாத் துணைக்கட்டணங்களும் சேர்த்து ஏழு பேருக்கு ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. "மாதத் தவணையில் கட்டலாமாம்" என்றார். "தவணைக்கு வட்டி உண்டா?" என்றேன். பேச்சு அத்துடன் முடிந்தது.

பயணத்தைத் தள்ளிப்போடவும் முடியாதிருந்தது. 1989இல் என் அத்தா பம்பாய் சென்று கப்பலேறி ஹஜ் செய்தார். ஒருவருக்கு மட்டுமே பணம் இருந்தது. "அடுத்தமுறை உன்னையும் அழைத்துப் போகிறேன்" என்று அம்மாவிடம் சொல்லிச் சென்றாராம். அடுத்தமுறை வாய்க்கவில்லை; அத்தாவும் மவுத்தாகிவிட்டார்; கப்பலும் நின்றுபோயிற்று. அம்மாவுக்கு இப்போது எழுபத்து மூன்று வயது. ஒரு கண்ணில் பார்வை மங்கிவிட்டது. மறுகண்ணும் எத்தனை நாளைக்கு என்று மருத்துவர் உறுதி சொல்லவில்லை. ஒருநாள் அவர், "கப்பல் எப்படி இருக்கும் என்று ஒருதடவை பார்த்துவிட்டால் போதும். ஏறக்கூட வேண்டாம்" என்றார்.

மதுரையிலிருந்து குருவாயூர் செல்லும் விரைவு ரயில் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகவே செல்கிறது. 2023 ஆகஸ்டில்தான் பல துண்டு ரயில்களை ஒன்றாக்கி இதை நீட்டினர். பிற்பகலில் ஏறினால் இரவில் கோட்டயம். முன்பதிவற்ற வகுப்பில் ஆளுக்கு 150 ரூபாயைத் தாண்டாது. செங்கோட்டையைக் கடந்ததும் காட்சி மாறுகிறது. வறண்ட காற்று குளிர்கிறது. குகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கழுதுருட்டிக்கருகே பதின்மூன்று கல்வளைவுகளின்மேல் ரயில் மெல்ல ஊர்ந்து செல்கிறது. 1904இல் திறக்கப்பட்ட இப்பாதை, அகலப்பாதையாக்கும் பணிக்காக 2010இல் மூடப்பட்டு 2018இல்தான் மீண்டும் திறந்தது. எட்டாண்டுகள் இந்த மலை நமக்கு மதிலாக நின்றது. அக்காலத்தில் கொல்லத்தில் பெண் கொடுத்த ஒரு தாய் பேருந்தில் வளைந்து வளைந்து சென்று வாந்தியெடுத்த கதையை எங்கள் பெட்டியிலேயே ஒருவர் சொன்னார். மலையின் இந்தப் பக்கம் பஞ்சு, அந்தப் பக்கம் ரப்பர். நடுவில் சில மணி நேரத் தூரம்!

கோட்டயத்தில் மலிவான விடுதியில் தங்கி, மீனச்சில் ஆற்றங்கரையில் உள்ள தாழத்தங்காடி ஜும்ஆ பள்ளியில் பஜ்ரு தொழுதோம். கேரளத்தின் மிகப் பழமையான பள்ளிவாசல்களுள் ஒன்றெனப் போற்றப்படுவது. கூம்பிய ஓட்டுக்கூரை, மரத்தில் செதுக்கிய இறைவசனங்கள், கல்லால் ஆன ஒளூத் தொட்டி. மினாராவும் குவிமாடமும் இல்லாமல் ஒரு பள்ளி இத்துணைக் கம்பீரமாக நிற்குமா என்று வியந்தேன். 2016ஆம் ஆண்டு முதன்முறையாகப் பெண்கள் உள்ளே வந்து பார்வையிட அனுமதித்தனர் என்பது அப்போது பெரிய செய்தியாயிற்று. நாங்கள் சென்ற அன்று அம்மாவும் பிற பெண்களும் வெளியே ஆற்றுப்பக்கம் நின்று பார்த்தனர். குடும்பத்துடன் செல்வோர், பெண்களுக்கு ஒளூச் செய்யவும் தொழவும் இடமுள்ள பள்ளி எங்கே என்று புறப்படுமுன்பே விசாரித்துக் கொள்வது நல்லது. ஆண்கள் மட்டும் வசதியாகத் தொழுதுவிட்டு வர, பெண்கள் நிழல் தேடி நிற்பது நம் பயணங்களில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. எனக்கு அது உவப்பானதன்று.

கோட்டயம் கோடிமதா படகுத்துறையிலிருந்து ஆலப்புழைக்குக் கேரள அரசு நீர்ப்போக்குவரத்துத் துறையின் படகு செல்கிறது. ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். கட்டணம் ஆளுக்கு முப்பது ரூபாய் அளவு. நம் ஊர் நகரப் பேருந்தைப்போல அதுவும் மக்களின் வண்டி. பள்ளிப் பிள்ளைகளும் மீன்கூடைக்காரப் பெண்களும் சைக்கிளுடன் வரும் முதியவரும் ஏறியிறங்குகின்றனர். முதலில் குறுகிய கால்வாய். இருகரையையும் இணைக்கும் நடைபாலங்கள் குறுக்கே வருகின்றன. படகு நெருங்கும்போது கயிற்றை இழுத்துப் பாலத்தைத் தூக்கிவிடுகின்றனர். பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய வேடிக்கை உலகில் இல்லை. ஆகாயத்தாமரை மண்டினாலோ பாலம் பழுதானாலோ படகு கோடிமதாவுக்கு வராமல் காஞ்ஞிரத்திலேயே நின்றுவிடும். ஆகவே முதல்நாளே துறையில் கேட்டறிக.

கால்வாய் முடிந்ததும் திடீரென்று வேம்பநாட்டுக் காயல் விரிகிறது. கண்ணுக்கு முன்னே கரையில்லை. அம்மா படகின் மரப்பலகையை இறுகப் பற்றிக்கொண்டார். சற்று நேரம் கழித்தே பிடியைத் தளர்த்தினார். எங்கள் இடப்புறத்தில் நெல்வயல்கள். நாங்கள் மேலே, வயல் கீழே! கடல்மட்டத்துக்குக் கீழே வரப்புகட்டி விவசாயம் செய்யும் குட்டநாடு அது. மழைநீரை இறைத்து வெளியேற்றிய பிறகே விதைக்கிறார்கள். தண்ணீருக்காக வானம் பார்க்கும் நம் பக்கத்து உழவருக்கு இதைச் சொன்னால் நம்பமாட்டார். பக்கத்திலிருந்த பெண்மணி மலையாளத்தில் ஏதோ கேட்க, அம்மா தமிழில் விடைசொல்ல, இருவரும் அரைமணி நேரம் பேசினர். யாருக்கு எவ்வளவு புரிந்தது என்பதை நானறியேன். இறங்கும்போது அவர் அம்மாவின் கையைப் பிடித்துக் கரைவரை கொண்டுவந்து விட்டார்.

ஆலப்புழையில் இறங்கியவுடன் படகுவீட்டுத் தரகர்கள் சூழ்ந்துகொள்வர். கெட்டுவள்ளம் என்பது முன்பு நெல் ஏற்றிச் சென்ற பெரும்படகு. ஆணியின்றித் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டுவது. இன்று அதன்மேல் அறைகள் அமைத்து வாடகைக்கு விடுகின்றனர். ஒரு பகலிரவுக்குப் பல ஆயிரம். நண்பகலில் ஏற்றி மறுநாள் காலை இறக்கிவிடுகின்றனர் என்பதால் இருபத்திரண்டு மணி நேரப் பயணம் என்று எண்ணிவிடக்கூடாது. மாலை ஐந்தரை மணியளவில் படகைக் கரையில் கட்டிவிடவேண்டும். அதன்பின் காயல் வலைவீசும் மீனவருக்கு உரியது. உண்மையில் படகு நகர்வது ஐந்தாறு மணி நேரமே. குளிர்சாதனம் பல படகுகளில் இரவில் மட்டும் இயங்கும். தங்கியே தீரவேண்டும் என்போர், ஜூன் முதல் ஆகஸ்டுவரையான மழைமாதங்களில், துறையிலேயே நேரில் படகைப் பார்த்துப் பேரம்பேசினால் விலை வெகுவாகக் குறையும். புன்னமடைக் காயலில் நேரு கோப்பைப் படகுப்போட்டி நடக்கும் நாள்களைமட்டும் தவிர்க்கவேண்டும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். செலவைக் குறைப்பதாகக் கூறி அடுப்பும் அரிசியும் கட்டிக்கொண்டு சுற்றுலா செல்லும் வழக்கம் நம் குடும்பங்களில் உண்டு. அதில் மிச்சமாவது ஆண்களின் பணம். செலவாவது பெண்களின் உழைப்பு. வீட்டில் சமைத்தவர் விடுதி வாசலில் குந்திச் சமைப்பதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாம். கோட்டயத்திலும் ஆலப்புழையிலும் கொச்சியிலும் ஹலாலான உணவு எளிதில் கிடைக்கிறது. பத்திரியும் மீன்குழம்பும் உண்டு மூன்று நாள் என் மனைவியும் தங்கையும் ஒரு பாத்திரத்தையும் தொடவில்லை. என் கணக்கில் இந்தப் பயணத்தின் பெரிய சலுகை அதுவே.

தொழுகை பற்றிப் பலர் ஐயம் கேட்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ராஜபாளையத்திலிருந்து இத்தூரம் செல்பவர் பயணியே. ஊரெல்லையைக் கடந்ததும் நான்கு ரக்அத் பர்ளைக் கஸ்ராக்கி இரண்டாகத் தொழவேண்டும். ஷாஃபிஈ மத்ஹபினர் ளுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்தும் தொழலாம். நம் பக்கத்து ஹனஃபி மத்ஹபினருக்கு அவ்வாறு சேர்ப்பதில்லை. ஓடும் கப்பலில் நிற்க இயலுமானவர் நின்றே தொழுவது நன்று. காரணமின்றியும் உட்கார்ந்து தொழலாம் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. அவர்களின் மாணவர்களான அபூயூசுஃப் (ரஹ்), முஹம்மது (ரஹ்) இருவரும் தலைசுற்றல் போன்ற காரணம் வேண்டும் என்றனர். கப்பல் திரும்பினால் தொழுபவரும் கிப்லாவை நோக்கித் திரும்பிக்கொள்ளவேண்டும். அன்றைய தினம் எங்களுக்கு இச்சிக்கல் எழவில்லை. முற்பகல் படகில் சென்றதால் ளுஹரை ஆலப்புழையில் இறங்கியே தொழுதோம்.

மாலை எர்ணாகுளம் சேர்ந்து, மறுநாளைக் கொச்சித் துறைமுகத்துக்கு ஒதுக்கினோம். 2023 ஏப்ரலில் தொடங்கிய நீர் மெட்ரோ மின்கலத்தால் ஓடும் நூறுபேர் படகு. ஒலியில்லை, புகையில்லை, குளிர்சாதனமுண்டு. குறைந்த கட்டணம் இருபது ரூபாய். உயர்நீதிமன்றத் துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு நாற்பது. சக்கர நாற்காலியும் ஏறும்வண்ணம் மிதக்கும் மேடை அமைத்திருப்பதால் அம்மா யாரையும் பற்றாமல் ஏறினார். திரும்புகையில் அரசின் பழைய படகில் வந்தோம். அதற்கு ஆறே ரூபாய். காற்று முகத்தில் அடிப்பதால் பிள்ளைகளுக்கு அதுவே பிடித்தது. என்னைக் கேட்டால் போவது ஒன்றில், வருவது மற்றொன்றில் என்று இரண்டையும் அனுபவிப்பதே முறை.

நடுவழியில் வில்லிங்டன் தீவின் துறையில் வெண்ணிறக் கப்பலொன்று கட்டப்பட்டிருந்தது. லட்சத்தீவுக்குச் செல்வது என்று படகோட்டி சொன்னார். மூட்டைகளும் அரிசிச் சாக்குகளும் கைக்குழந்தைகளுமாக ஒரு கூட்டம் காத்திருந்தது. முக்காடிட்ட பெண்கள், தொப்பியணிந்த பெரியவர்கள். நம் கந்தூரிக் கூட்டம் போலவே இருந்தது. அம்மா நல்ல கண்ணை அந்தப் பக்கம் திருப்பி நெடுநேரம் பார்த்தார்.

"அத்தா போன கப்பல் இவ்வளவு பெரிசா இருக்குமா?"

"இதைவிடப் பெரிது அம்மா."

"அப்போ ஜன்னலோரம் இடம் கிடைச்சிருக்கும்" என்றார், அவ்வளவுதான்.

ஃபோர்ட் கொச்சியில் சீனவலைகளைக் கண்டோம். அங்கிருந்து மட்டாஞ்சேரிப் பக்கம் சென்று, கொச்சங்காடியில் செம்புத்தகடு வேய்ந்ததால் பெயர்பெற்ற செம்பிட்டபள்ளியில் அஸர் தொழுதோம். மாலையில் கடலோர நடைபாதையில் அமர்ந்திருக்கையில் வல்லார்பாடம் முனையத்துக்குச் செல்லும் சரக்குக் கப்பலொன்று கைக்கெட்டும் தூரத்தில் நகர்ந்தது. அதைக் காண்பதற்கு எவரும் கட்டணம் கேட்பதில்லை.

ஏழு பேருக்கு மூன்று நாளில் ரயில், விடுதி, உணவு, ஆட்டோ எல்லாம் சேர்த்துப் பதினேழாயிரம் ரூபாய்க்குள் அடங்கியது. அதில் படகுகளுக்கு ஆனது அறுநூற்றுக்கும் குறைவு. ஆறு மாதம் மாதம் மூவாயிரமாக எடுத்து வைத்ததில் கொஞ்சம் மீதமும் இருந்தது. இன்னும் நேரம் இருப்பவர் வைக்கத்தில் இறங்கி, 2017 முதல் தவணக்கடவுக்கு ஓடும் 'ஆதித்யா' என்னும் சூரியசக்திப் படகிலும் செல்லலாம். ஒருநாள் முழுதும் நீரில் இருக்க விரும்புபவருக்கு ஆலப்புழைக்கும் கொல்லத்துக்கும் இடையே எட்டு மணி நேரச் சுற்றுலாப் படகும் அத்துறையால் பருவகாலங்களில் நடத்தப்படுகிறது. கொல்லத்தில் இறங்கினால் ராஜபாளையம் வழி ரயில் அங்கிருந்தே கிடைக்கும்.

திரும்பும் ரயில் எர்ணாகுளத்தில் காலையில் புறப்பட்டு மாலைக்குள் ராஜபாளையம் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் மிகுதி. முதியோருடன் வருபவர் இருக்கையை முன்பதிவு செய்துகொள்க. மலைப்பாதையில் ரயில் இறங்கும்போது வலப்பக்கச் சாளரம், ஏறும்போது எந்தப் பக்கம் என்று பிள்ளைகள் சண்டையிடுவர். குகைக்குள் இருபக்கமும் இருட்டுத்தான்.